அரை நகக் கீறல்

இதில் வரும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம்வரை நானே என் கண்ணால் பார்த்தது. போதாததற்கு, நடந்த ஒவ்வொன்றுக்கும் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரமும் குறித்து வைத்திருக்கிறேன். ஒரு நிமிஷம் முன்பின் இருக்காது. சந்தேகப்படுகிறவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்துக்கு, கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் வாட்ச்காரர் கார் பானெட்டின் மேல் குனிந்தார். ஏழு பதினொன்றுக்கு அவருக்கு வேர்த்துவிட்டது.

"இங்க வா," என்று மனைவியைக் கூப்பிட்டார். "மெதுவா வா."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்னங்க?"

"கீறல்."

"எங்க?"

"இதோ."

அவள் தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், உட்கார்ந்து பார்த்தாள். பளபளவென்று கருநீலத்தில் அவள் முகம்தான் தெரிந்தது. ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னாள்.

வாட்ச்காரர் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து அவள் கண்ணில் செருகினார். கடிகாரம் பழுது பார்க்கிறவர்கள் ஒரு கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ். எறும்புக்கு மூட்டுவலி இருந்தால் அதில் தெரியும். அவள் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் ஓரடி பின்னால் போனாள்.

"வாய்க்கால் வெட்டின மாதிரியில்ல இருக்கு."

நிஜத்தில் அது அரை நகம் நீளம். காரில் தூசி தட்டும் துணியைத்தான் முந்தின நாள் கடை மேஜையிலும் போட்டிருந்தார். கடுகில் பாதி அளவுள்ள ஒரு வாட்ச் திருகாணி அதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. துணியை உதறியபோது தரையில் 'டிங்' என்றது. அந்தச் சத்தம் எதிர்வீட்டு வாசல்வரை கேட்டது என்றால் யார் நம்புவார்கள். ஆனால் கேட்டது.

இதற்குப்போய் ஒரு மனிதன் ஏன் வேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். கார் அவருடையது இல்லை. மனைவியின் அண்ணனுடையது. அதுவும் பதினோரு வருஷம் இந்த வீட்டு வாசற்படி மிதிக்காத அண்ணன்.

அந்த மச்சான் பொருளைப் பேணுகிறவர். அவர் வீட்டு சோபாவுக்குக் கடைக்காரன் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் உட்கார்ந்தவர்கள் பேசிக்கொண்டே மெல்ல வழுக்கித் தரைக்கு வந்துவிடுவார்கள். அங்கிருந்தே பேச்சைத் தொடர்வார்கள். டி.வி. ரிமோட்டுக்கு ஒரு பை, அந்தப் பைக்கு ஒரு ரப்பர் பேண்டு. ஒரு தடவை நல்ல மழையில் புதுக்குடையை நனைய விடக்கூடாது என்று சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தார். மூன்று நாள் காய்ச்சல். குடைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்படிப்பட்டவர் பதினோரு வருஷத்துக்கு முன்னால், நின்றுபோன தன் கைக்கடிகாரத்தைத் தங்கை புருஷனிடம் கொடுத்தார். இவர் பின்மூடியைத் திறந்து பேட்டரி மாற்றி, மூடிக் கொடுத்தார். மச்சான் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியின் மேல் பன்னிரண்டிலிருந்து நாலுவரைக்கும் ஒரு கோடு.

"குடுக்கும்போது இந்தக் கோடு இல்ல."

"இருந்துது மச்சான்."

"இல்ல."

"இருந்துது. குடுங்க, லென்ஸ் வச்சுப் பாத்து சொல்றேன்."

மச்சான் கொடுக்கவில்லை. கையில் கட்டிக்கொண்டு கிளம்பினார். அதோடு சரி.

வேறு யாராவதாக இருந்தால் கண்ணாடியை மாற்றியிருப்பார்கள். மச்சான் மாற்றவில்லை. சாட்சியை யாராவது அழிப்பார்களா? போகிற இடத்திலெல்லாம் கையை நீட்டி, "தொழில் தெரிஞ்சவர் கையில குடுத்தா இப்படித்தான்," என்று காட்டிக்கொண்டிருந்தார். அதுவரை வாய் நிறைய "மாப்ளே" என்று கூப்பிட்டவர், அதற்கப்புறம் தங்கையிடம் "உன் வீட்டுக்காரர்" என்றுதான் சொல்வார். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவள் தனியாகவே போய்வந்தாள். பதினோரு வருஷக் குடும்பப் படங்களை எடுத்துப் பார்த்தால், அவள் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டே நின்றிருப்பாள்.

மூன்று மாசத்துக்கு முன்னால் மச்சானும் அவர் மனைவியும் வெளிநாட்டிலிருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். அவர்கள் தெருவைக் குழாய் போடத் தோண்டிப் போட்டிருந்தார்கள். புதுக்காரை எங்கே விடுவது? தங்கை வீட்டில் ஷெட் காலியாக இருந்தது. அவள் போனிலேயே அழுது கெஞ்சி அண்ணனைச் சம்மதிக்க வைத்தாள். அவர் வந்தார். காரை விட்டார். வாசலைப் பார்த்துத் திறந்திருந்த ஷெட்டின் மூன்று சுவரையும் தட்டிப் பார்த்தார். கூடத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடித்தார். போகும்போது, பக்கத்திலேயே நின்றிருந்த வாட்ச்காரரைப் பார்க்காமல் தங்கையிடம், "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. ஓட்டவேண்டாம், கழுவவேண்டாம். தூசி மட்டும் தட்டினா போதும்," என்றார்.

அந்தக் காபி டம்ளரை அவள் இரண்டு நாள் கழுவவில்லை.

இன்றைக்கு நாலு மணிக்கு விமான நிலையத்திலிருந்து நேரே இங்கேதான் வருகிறார். இப்போது விளங்கியிருக்கும், அரை நகம் என்றால் எவ்வளவு நீளம் என்று.

"அண்ணன் கண்ணுக்குத் தெரியவா போகுது? விட்டுடுங்களேன்," என்றாள் மனைவி.

விட்டிருந்தால் கதையும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை. ஆனால் ஒரு கீறலை லென்ஸில் பார்த்துவிட்ட மனிதனுக்கு அது அதற்கப்புறம் சின்னதாகவே ஆகாது. வாட்ச்காரர் ஷெட்டுக்கும் வாசலுக்கும் நடந்தார். வாசலிலிருந்து பார்த்தார், தெரியவில்லை. கிட்டே வந்து பார்த்தார், தெரிந்தது. அவ்வளவுதான், உள்ளே போய்க் கடைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஏழு நாற்பதுக்கு முதல் வைத்தியம். வாட்ச் கண்ணாடியில் கோடு விழுந்தால் தேய்க்கிற பசை ஒன்று அவரிடம் இருந்தது. இருபத்தைந்து வருஷமாக ஆயிரம் கண்ணாடிகளைத் தேய்த்த விரல். பொட்டு வைக்கிற அளவு பசையை எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தார். துடைத்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தார். கீறல் போய்விட்டது. லென்ஸை எடுத்துவிட்டுப் பார்த்தார். கீறல் இருந்த இடத்தில் நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு மங்கல், கண்ணில் புரை விழுந்தாற்போல.

"முன்னாடி லென்ஸ் வச்சாதான் தெரிஞ்சுது," என்றாள் மனைவி. அது அவரைக் குத்தியது.

ஒன்பது ஐந்துக்குத் தெருமுனை ஹார்டுவேர் கடை திறந்தது. வாட்ச்காரர் ஷட்டர் முழுசாக ஏறுவதற்குள் அடியில் புகுந்து உள்ளே போனார். கார் பெயின்ட்டில் மங்கல் விழுந்துவிட்டது, என்ன தேய்ப்பது என்று கேட்டார்.

"வாட்டர் பேப்பர்," என்றார் கடைக்காரர். "தண்ணி போட்டுத் தேய்க்கிற உப்புத்தாள். நம்பர் கூடக்கூட நைசு. உங்களுக்கு ரெண்டாயிரம் வேணும்."

"குடுங்க."

"ரெண்டாயிரம் இல்ல. நானூறுதான் இருக்கு."

"நானூறு முரடாச்சே."

"ஒண்ணு போட்டா முரடு," என்றார் கடைக்காரர். "அஞ்சு தாள் எடுத்துக்குங்க. அஞ்சு நானூறு ரெண்டாயிரம்."

வாட்ச்காரர் கணக்கில் சூரர். மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார், சரியாக வந்தது. ஐந்து தாளையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மனசு ஓரிடத்தில் நிற்காத மனிதனிடம் பெருக்கல் வாய்ப்பாட்டைப் போல ஆபத்தானது எதுவும் இல்லை.

ஒன்பது ஐம்பதுக்கு ஐந்தாவது தாளும் தேய்ந்து முடிந்தது. நாணயம் அளவு இருந்த மங்கல் இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு ஆகியிருந்தது. அதற்குள் மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாக உப்புத்தாளின் கோடுகள். லென்ஸ் தேவைப்படவில்லை. எதிர்வீட்டிலிருந்து எனக்கே தெரிந்தது.

மனைவி கூடத்துக்குப் போய், அண்ணனுக்காகத் துடைத்து வைத்திருந்த நாற்காலியை மறுபடியும் துடைத்தாள்.

பெயின்டருக்குப் போன் போனது. ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்றவர், "மச்சானோட கார்" என்றதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். அவருக்கும் ஒரு மச்சான் இருக்கிறார்போல. பதினொன்று இருபதுக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நெஞ்சுவரைக்கும் தாடி. மெதுவாக நடந்து, மெதுவாகக் குனிந்து, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாடி பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"யார் தேய்ச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"ஒரு கீறல் இருந்துது."

"இப்ப எங்க அது?"

"போயிடுச்சு."

"நல்லது," என்றார் பெயின்டர்.

பிறகு ஒரு குவளை தண்ணீர் கேட்டு வாங்கி, தட்டு அளவு மங்கலின்மேல் ஊற்றினார். அடுத்த கணம் மங்கல் மாயமாகிவிட்டது. கருநீலம் பழையபடி பளபளத்தது. வாட்ச்காரருக்கு அழுகை வந்துவிட்டது.

பெயின்டர் விளக்கினார். அடியில் இருப்பது கலர். அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு, அதற்குக் கிளியர் கோட் என்று பேர். தண்ணீர் பட்டதும் மறைகிறதென்றால் கீறலெல்லாம் மேல்பூச்சோடு நிற்கிறது, கலருக்கு இறங்கவில்லை. அரை மணி நேர வேலை.

"தண்ணிய அப்படியே விட்டுடலாமா?" என்று கேட்டார் வாட்ச்காரர்.

"காஞ்சிடும்."

"காயலேன்னா?"

பெயின்டர் பையைத் திறந்தார். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம், மூவாயிரம் என்று நாலு நிஜமான தாள்கள். ஆயிரத்தால் நெடுக்கில் தேய்த்தால் நானூறின் கோடு போகும். ஆயிரத்தைந்நூறால் குறுக்கில் தேய்த்தால் ஆயிரத்தின் கோடு போகும். இப்படியே மேலே மேலே.

"கோடு எங்கயும் போறதில்ல சார்," என்றார் தேய்த்துக்கொண்டே. "பெரிய கோட்டை சின்னக் கோடாக்கி, சின்னதை அதைவிடச் சின்னதாக்கி, கடைசில நம்ம கண்ணுக்கு அகப்படாம ஆக்கிடறோம். தொழிலே அவ்வளவுதான்."

வாட்ச்காரர் லென்ஸை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டு, பையின் பட்டனையும் போட்டுக்கொண்டார்.

நாலு தாளும் முடிந்தது. மங்கல் பனிபோல் சீராக இருந்தது; அப்படித்தான் இருக்க வேண்டுமாம். இனிமேல் காம்பவுண்டு என்கிற பசையைத் தடவி மெஷினால் சுற்றினால் கண்ணாடியாகிவிடும். பெயின்டர் மெஷினைப் போட்டார். சுற்றினார். துடைத்தார். கண்ணாடி வரவில்லை.

மறுபடியும் தடவினார், சுற்றினார், துடைத்தார். வரவில்லை.

மூன்றாம் தடவை துடைக்கும்போது அவர் தாடியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து இடத்தோடு ஒத்துப்போகவில்லை, அதனால்தான் என்று சொல்லிப் பக்கத்து இடத்தையும் தேய்த்தார். அது அதற்குப் பக்கத்து இடத்தோடு ஒத்துப்போகவில்லை. பன்னிரண்டரை மணிக்குப் பானெட் முழுவதும் ஒரே சீரான வெள்ளை மங்கல். ஓர் ஓரத்துக்கும் இன்னோர் ஓரத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒத்துப்போயிற்று.

"இது என்ன பெயின்ட்டுன்னே புரியலியே," என்றார் பெயின்டர். ஆள் கொஞ்சம் இளைத்ததுபோல் இருந்தது.

ஒன்று பதினைந்துக்கு, முன்பக்கத்து விளிம்பில் மெஷினை அழுத்திப் பிடித்தார். அந்த இடம் சூடேறி, ஆறிய பாலில் ஏடு படிகிறாற்போல் சுருங்கியது. பெயின்டர் சட்டென்று மெஷினை அணைத்தார். அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முப்பது வருஷ சர்வீஸ் சார். கிளியர் கோட் சுருக்கம் விழுந்து நான் பாத்ததே இல்ல. கார்ல ஏதோ கோளாறு. காருக்கு ஆகாத ஆள் யாராவது கைய வச்சுட்டாங்களா?"

வாட்ச்காரர் தலை குனிந்தார்.

பெயின்டர் பையை மூடி, ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினார். கூலி கேட்கவில்லை. டாக்டர் பீஸ் வாங்காமல் போனால் வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அந்த வாசலில்.

வாட்ச்காரர் நடக்க ஆரம்பித்தார். காரைச் சுற்றி நாற்பத்தொரு சுற்று. மனைவி நடையில் உட்கார்ந்து அவர் தலை போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் இங்க சாப்பிடறேன்னு சொல்லியிருந்தாரு," என்றாள் கடைசியில், யாரிடமோ சொல்வதுபோல்.

நாற்பத்திரண்டாவது சுற்றில் அவருக்கு யோசனை உதித்தது. ஈரம் பட்டால் கீறல் மறைகிறது. தண்ணீர் காயும். எண்ணெய் காயாது.

இரண்டு நாற்பதுக்கு ஒரு கிண்ணம் சமையல் எண்ணெயைப் பானெட் முழுக்கத் தடவினார். அடடா, அந்தப் பளபளப்பை நான் என்ன சொல்ல. புதுக்காரே அதன்முன் வெட்கப்படும். சுருக்கம்கூட மறைந்துவிட்டது. மனைவி சிரித்தாள். காலையிலிருந்து முதல் தடவை. வாட்ச்காரர் விரலால் காற்றில் கையெழுத்துப் போட்டார். அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு எதிர்வீட்டு மாடியில் யாரோ பழைய மெத்தையைத் தட்டினார்கள். மெத்தையில் ஓட்டை. பஞ்சு பறந்து தெருவைக் கடந்து வந்து, எண்ணெய் கண்ட இடத்தில் இறங்கி ஒட்டிக்கொண்டது. ஐந்து நிமிஷத்தில் பானெட்டுக்கு நரைத்துப்போனது. மெத்தை தட்டியவர் யார் என்பது கதைக்கு அவசியமில்லை.

ஊதினார், போகவில்லை. துடைத்தார், திரியாகத் திரண்டது. ஒவ்வொரு பஞ்சாக வாட்ச் இடுக்கியால் பொறுக்கினார். அறுபது பொறுக்கியும் ஒரு மூலைகூடத் தெளியவில்லை. மனைவி எழுந்து வந்து, அவரை நகர்த்திவிட்டு, சோப்புத்தண்ணீர் போட்டு எண்ணெய், பஞ்சு எல்லாவற்றையும் கழுவித் தள்ளினாள். மணி மூன்று இருபது. வெள்ளை மங்கல் பழையபடி அவர்களைப் பார்த்தது.

"தண்ணி எவ்வளவு நேரத்துல காயும்?" என்று கேட்டாள்.

அது ஒரு வாட்ச்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு குவளை ஊற்றி, விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாலு நிமிஷம்.

"நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊத்தணும்," என்றார். "மச்சான் சாவிய வாங்கிக் காரை எடுத்துட்டுப் போறவரைக்கும்."

"வீட்டுக்குப் போனப்புறம்?"

"வீட்டுக்குப் போனப்புறம் அது அவர் வீட்டுல காயுது."

நாலு இரண்டுக்கு வாடகைக் கார் வந்து நின்றது. மச்சான் இறங்கினார். பின்னால் அவர் மனைவி இறங்கி, டிக்கியிலிருந்து வரும் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தார். மச்சான் கையில், சொல்ல வேண்டுமா, அந்தக் கடிகாரம். அதே கோடு.

முதலில் அவர் கண்டது, தன் தங்கை குவளையோடு காருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததை.

"என்னம்மா பண்றே?"

"வெயிலண்ணே. கார் சுடுது."

"கார் சுடத்தானே செய்யும்."

"ஆமாண்ணே," என்று இன்னொரு குவளை ஊற்றினாள்.

அண்ணன் காரை ஒரு சுற்று வந்தார். பளபளவென்று இருந்தது. முகத்தில் ஒரு திருப்தி. அங்கே மகள் சௌக்கியம், பேரன் நடக்கிறான், குளிர்தான் தாங்கவில்லை என்று சொன்னார். நாலு நிமிஷம். தங்கை ஊற்றினாள். பேரன் பார்க்க யாரைப் போல என்று கேட்டாள். அவர் சொன்னார். நாலு நிமிஷம். ஊற்றினாள். வாட்ச்காரர் தூணோரம் நின்று விநாடி முள்ளைப் பார்த்து, நேரம் வந்ததும் மெல்ல இருமினார். அதுதான் சைகை.

"உன் வீட்டுக்காரருக்கு இருமல் ஜாஸ்தியா இருக்கே," என்றார் மச்சான்.

பதினோரு வருஷத்தில் மச்சான் அவரைப் பற்றிப் பேசிய முதல் கரிசனமான வார்த்தை. வாட்ச்காரருக்கு அது போதுமாக இருந்தது. நெகிழ்ந்துபோய் விநாடி முள்ளைப் பார்க்க மறந்துவிட்டார்.

அவள் குவளையை வாளிக்குள் விட்டாள். 'டங்' என்று அடித்தட்டுச் சத்தம். குழாயைத் திறந்தாள். காற்று வந்தது.

பானெட்டின் நாலு ஓரத்திலிருந்தும் ஈரம் உள்வாங்கியது. வெள்ளை மெல்ல நடுவை நோக்கி நடந்து வந்தது. மச்சான் பேரனைப் பற்றிய பேச்சை நிறுத்தினார். முழுசாகக் காய்ந்து முடிகிறவரை நாலு நிமிஷமும் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அவ்வளவு நீளமான நாலு நிமிஷத்தை நான் என் ஆயுசில் குறித்ததில்லை.

மச்சான் கத்தவில்லை. மணிக்கட்டை மெதுவாக உயர்த்தினார்.

"அன்னைக்கு இது," என்றார். பானெட்டைக் காட்டினார். "இன்னைக்கு அது."

வாட்ச்காரர் தூணைவிட்டு வெளியே வந்தார்.

"மச்சான், இது நான்தான். காலையில சின்னதா ஒரு கீறல் போட்டேன், மத்ததெல்லாம் அதைச் சரிபண்ணப் போட்டது. ஒத்துக்கறேன். ஆனா அன்னைக்கு அது நான் இல்ல. இன்னைக்கும் அதையேதான் சொல்வேன்."

மச்சான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தங்கையிடம் கையை நீட்டினார். "சாவி குடும்மா. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு, இனிமே நானும் வரமாட்டேன், நீயும்…" அதற்கு மேல் சொல்ல அவருக்கே வாய் வரவில்லை. அவள் காலிக் குவளையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். சாவியைக் கொடுக்கவும் இல்லை, கொடுக்கமாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து மச்சான் மனைவி ஏழாவது பெட்டியை எண்ணி முடித்துவிட்டு உள்ளே வந்தார்.

"என்ன, எல்லாரும் கரெண்டு போன மாதிரி நிக்கிறீங்க?"

அவர் பானெட்டைப் பார்த்தார். குனிந்தார். முன்விளிம்பில் சுருங்கிப்போயிருந்த இடத்தில் நகத்தைக் கொடுத்து நிமிண்டினார். ஒரு நுனி எழும்பியது. அதைப் பிடித்து, சட்டை மடிக்கிறவரின் நிதானத்தோடு, பின்னால் நடந்தார்.

'பர்ர்ர்' என்று ஒரு சத்தம். பானெட் அளவுக்கு ஒரு வெள்ளைத் தாள் அவர் கையோடு வந்தது. அடியில் கருநீலம், அன்றைக்குத்தான் பிறந்ததுபோல். அதில் நாலு பேர் முகமும் தெரிந்தது. தெருவைத் தாண்டி என் நாற்காலியும் தெரிந்தது.

"கீறல் விழாம இருக்க ஷோரூம்ல மேல ஒட்டிக்குடுத்த தாளு இது," என்றார், அதைச் சுருட்டிக்கொண்டே. "கெட்டுப்போனா உரிச்சுப் போடுங்கன்னு அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு. இவர் எங்க கேட்டாரு? அட்டையில செஞ்ச பெரிய சாவியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் போட்டோவுக்குச் சிரிச்சுட்டிருந்தாரு."

வாட்ச்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காலை ஏழு நாற்பதிலிருந்து ஒரு வாட்ச்காரரும் முப்பது வருஷ சர்வீஸ் பெயின்டரும் சேர்ந்து உயிரைக் கொடுத்துத் தேய்த்தது, தாள்.

மச்சான் தொண்டையைக் கனைத்தார். தோற்றாலும் பாதிதான் தோற்பேன் என்கிற ஜாதி அவர். கடிகாரக் கையை மறுபடியும் நீட்டினார்.

"சரி, அது தாளு. இது கண்ணாடிதானே? இந்தக் கோட்டுக்கு என்ன பதில்?"

அவர் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எட்டாவது பெட்டி எங்கே என்று தேடிக்கொண்டே சொன்னார்:

"எங்கப்பா வாங்கிக்குடுத்த நாள்லேருந்துதான் சொல்றேன், அந்த வாட்ச்சு மேல இருக்கற தாளையும் பிரிங்கன்னு."

வாட்ச்காரர் சட்டைப்பைப் பட்டனைக் கழற்றி லென்ஸை எடுத்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கேட்டபோது கிடைக்காத மணிக்கட்டு, இப்போது தானாக நீண்டது. இடுக்கி நுனியால் ஓரத்தை எழுப்பினார். பொன்வண்டின் இறகைவிட மெல்லிய ஒரு வட்டம், பன்னிரண்டிலிருந்து நாலுவரை ஒரு கோட்டோடு, அலுங்காமல் எழுந்து வந்தது. தங்கை குவளையை வாளிக்குள் வைத்துவிட்டு, காபி போட உள்ளே ஓடினாள்.

மச்சான் தன் கடிகாரத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, அவ்வளவு தெளிவாக முள் தெரிந்தும், வாட்ச்காரர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"மணி என்ன மாப்ளே?"

"நாலு முப்பத்தொண்ணு மச்சான்."

சரியான நேரம். என் கைக்கடிகாரத்திலும் நாலு முப்பத்தொன்றுதான். அது நின்றுபோய், மூன்று வருஷமாக அவர் கடை மேஜையின் டிராயருக்குள் ரிப்பேருக்குக் கிடக்கிறது.